பேலன்ஸ் 3,412, ஈக்விட்டி 388

கேள்வி: பல்லடம் பக்கம் 16 தறி ஓட்டறேனுங்க. கூலி நெசவுதான். மச்சான் ஒருத்தர் லிங்க் அனுப்பி, "போரெக்ஸ் ட்ரேடிங், வெளிநாட்டு கரன்சி வாங்கி விக்கறது. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், காப்பி ட்ரேடிங்ல வேற ட்ரேடர் பண்றதைப் பார்த்து அதுவே ஓடும். மாசம் 10 பர்சென்ட் கேரண்டி"ன்னார். மூணு தவணையா 1,80,000 ரூபாய் யு.பி.ஐ.யில கட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேருக்குப் போச்சு. கடைசியா கட்டி மூணு வாரம் ஆகுது. நடுவுல எனக்கும் ஒரு லிங்க் குடுத்தாங்க. ஒறம்பரையிலயும் தறிக்காரங்கள்லயும் 9 பேர் அதுல சேர்ந்தாங்க. ரெண்டு பேருக்கு ஆப் பழக்கமில்லைன்னு பணத்தை என் கணக்குல வாங்கி நானே கட்டிவிட்டேன். கமிஷனா எனக்கு 62,000 ரூபாய் வரைக்கும் யு.எஸ்.டி.டி.ங்கற கிரிப்டோ காசா வந்துச்சு, ஆன்லைன்ல ஆள்கிட்ட வித்துக் காசாக்கினேன். இப்ப என் பணத்தை எடுக்கலாம்னா 15 சதவீதம் வரியை முதல்ல கட்டுங்கறாங்க. கரண்ட் அக்கவுண்ட்ல 18,500 ரூபாயை பேங்க்ல பிடிச்சு வெச்சிருக்காங்க. கம்பெனிக்கு வெளிநாட்டு லைசென்ஸ் இருக்குன்னு காட்டறாங்க. வரியைக் கட்டட்டுங்களா? அந்த 9 பேருக்கு நான் பொறுப்புங்களா? இதை விட்டுட்டு என்.எஸ்.இ. பங்குச் சந்தையில கரன்சி பண்ணினா சரியா இருக்குமா? ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேனுங்க.

பதில்: வரியைக் கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட இனி அந்தப் பக்கம் போகக் கூடாது. நம் நாட்டில் வருமான வரியைப் புரோக்கர் யு.பி.ஐ.யில் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை. பிடித்தம் செய்ய வேண்டிய வரியானால், தரவேண்டிய தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கழித்தது உங்கள் பான் எண்ணில் வருமான வரித் தளத்தில் தெரியும். முன்பணமாக வரி கேட்பவர் கடைசியாக ஒரு தடவை கறக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். கட்டினால் அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' வரும், அதற்கடுத்து 'கணக்கை விடுவிக்கும் டெபாசிட்' வரும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மேலே பெரிய எழுத்தில் பேலன்ஸ் 3,412.00 டாலர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஈக்விட்டி 388.40, மார்ஜின் 591.60, மார்ஜின் லெவல் 65.65 சதவீதம். மார்ஜின் என்பது திறந்திருக்கும் வியாபாரங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கும் ஈட்டுத் தொகை; ஈக்விட்டி அதில் எத்தனை சதவீதம் என்பது மார்ஜின் லெவல். பேலன்ஸ் என்பது முடித்த வியாபாரங்களின் கணக்கு மட்டும்தான். இன்னும் முடிக்காமல் திறந்து கிடக்கும் வியாபாரங்களின் லாப நட்டத்தையும் சேர்த்தால் கிடைப்பது ஈக்விட்டி. இரண்டுக்கும் வித்தியாசம் 3,023.60 டாலர். அத்தனையும் முடிக்காமல் தள்ளிப்போட்ட நட்டம். உங்கள் பணம் 3,412 அல்ல, 388. அவர்கள் கேட்கும் 15 சதவீதமோ 3,412-க்குக் கணக்கிட்ட 511.80 டாலர். கையில் இருப்பதைவிட வரி அதிகம்!

திறந்திருக்கும் வியாபாரங்களையும் பாருங்கள். எட்டும் யூரோ–டாலர், எட்டும் வாங்கும் பக்கம். லாட் அளவு 0.01, 0.02, 0.04, 0.08, 0.16, 0.32, 0.64, 1.28. விலை இறங்க இறங்க, முந்தையதைப் போல இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார்கள். விலை கொஞ்சம் திரும்பினால் எல்லாவற்றையும் லாபத்தில் முடிக்கலாம், 'இன்றைக்கும் லாபம்' என்று படம் போடலாம். இப்படியே சில மாதம் ஓடும். திரும்பாத நாளில் மொத்தமும் போய்விடும். 'மாதம் 10 சதவீதம், ஒரு நாள்கூட நட்டமில்லை' என்று காட்டும் கணக்குகளில் பெரும்பாலும் இந்த முறைதான் ஒளிந்திருக்கும்.

எட்டையும் கூட்டினால் 2.55 லாட். ஒரு லாட் என்பது 1,00,000 யூரோ. ஒரு பிப், அதாவது விலையில் நான்காவது தசம இடத்தில் ஒரு புள்ளி நகர்ந்தால், ஒரு லாட்டுக்கு 10 டாலர். ஆக உங்கள் கணக்கில் ஒரு பிப்புக்கு 25.50 டாலர் ஏறும், இறங்கும். மார்ஜின் லெவல் 50 சதவீதத்தைத் தொட்டால் கணக்கைத் தானாக வெட்டிவிடுவார்கள் என்று விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது. 591.60-இல் பாதி 295.80. அதைத் தொட இன்னும் 92.60 டாலர் நட்டம் போதும். 4 பிப்புக்கும் குறைவு. யூரோ ஒரு சாதாரண நாளில் 50 பிப் நகரும். நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தக் கணக்கு வெட்டுப்பட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. 1:500 என்று அவர்கள் பெருமையாகப் போடும் லெவரேஜ், அதாவது ஒரு ரூபாய் ஈட்டுக்கு 500 ரூபாய் வியாபாரம், செய்யும் வேலை இதுதான். ஐரோப்பாவில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு முக்கியக் கரன்சி ஜோடிகளில் 2018 ஆகஸ்ட் முதல் 30:1 தான் உச்சவரம்பு. அங்கே இந்த வகைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நட்டத்தில் முடிகின்றன என்று ஒழுங்குமுறை அமைப்பே சொல்லித்தான் அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அதுவும் ஒழுங்கான உரிமம் உள்ள புரோக்கர்களிடம் நடந்த கணக்கு. உங்கள் ஆப்பில் காட்டும் விலை உண்மையான சந்தை விலைதானா என்பதற்கே உத்தரவாதமில்லை.

இனி கமிஷன் விஷயம். உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் தருகிறார், உங்களுக்கு மீட்டருக்குக் கூலி. துணி நல்ல விலைக்குப் போனதா, குடோனில் கிடக்கிறதா என்பது உங்கள் கூலியைத் தொடாது. லிங்க் கொடுப்பவருக்கும் அதே மாதிரி லாட்டுக்குக் கூலி. ஆள் ஜெயித்தாரா தோற்றாரா என்பது அவருக்குக் கணக்கில்லை. எத்தனை லாட் ஓடியது என்பதுதான் கணக்கு. ஒரு வித்தியாசம் உண்டு. தறியில் நூல் அறுந்தால் உங்கள் கூலி குறையும். இங்கே இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு என்று சிக்கலாக ஓட ஓடக் கூலி கூடும்.

உங்கள் கூலி லாட்டுக்கு 6 டாலர் என்று, லிங்க் கொடுப்பவர்களுக்கான கூட்டாளிப் பக்கத்தில் தெரிகிறது. டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 62,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 117 லாட் ஓடியிருக்கிறது. அந்தக் கணக்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி, அதாவது ஸ்ப்ரெட், 1.5 பிப்; லாட்டுக்கு 15 டாலர். அந்த 9 பேரும் ஸ்ப்ரெட்டாக மட்டும் கொடுத்தது சுமார் 1,55,000 ரூபாய். உங்கள் 62,000 அதிலிருந்து கிள்ளித் தந்ததுதான். மச்சானுக்கு உங்கள் தலையிலும், உங்களுக்குக் கீழே வந்த 9 பேர் தலையிலும் சேர்த்துக் கமிஷன் போயிருக்கும். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் இருக்கும் யாருடைய சிபாரிசும் சிபாரிசு ஆகாது.

லாட் கூலி தவிர இன்னும் இரண்டு வகை உண்டு. ஒன்று தலைக்கு இவ்வளவு: ஆள் குறைந்தபட்ச டெபாசிட் கட்டி, குறிப்பிட்ட லாட் ஓட்டியதும் ஒரே தவணையில் கமிஷன். 'முதல் வாரம் தினமும் பத்து சிக்னல் (வாங்கு, வில் என்ற குறிப்பு) போடுங்கள்' என்று டெலிகிராம் குழுக்கள் துரத்துவது இதனால்தான். இன்னொன்று நட்டத்தில் பங்கு: வாடிக்கையாளருக்கு எதிர்ப்பக்கம் நிற்பது புரோக்கரே என்றால், வாடிக்கையாளர் தோற்பது புரோக்கருக்கு வரவு, அதில் ஒரு சதவீதம் லிங்க் கொடுத்தவருக்கு. மூன்றாவது வகையில் இருப்பவர் 'உங்களை வளர்த்துவிடுகிறேன்' என்று பேசுவதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

லைசென்ஸ் என்று அவர்கள் காட்டியது செயின்ட் வின்சென்ட் தீவுகளின் கம்பெனிப் பதிவுச் சான்று. பதிவு வேறு, உரிமம் வேறு. போரெக்ஸ் வியாபாரத்துக்கு நாங்கள் உரிமம் தருவதில்லை என்று அந்த நாட்டு நிதி ஆணையமே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. சரி, லண்டன் உரிமமே இருந்தாலும் இந்தியாவில் குடியிருக்கும் உங்களுக்கு அது பயன்படாது. ஃபெமா எனப்படும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்றவர்களிடம், அனுமதித்த காரியத்துக்குத்தான் வெளிநாட்டுப் பணப் பரிவர்த்தனை. மின்னணு வழியில் என்றால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளம், அல்லது என்.எஸ்.இ., பி.எஸ்.இ. போன்ற அங்கீகரித்த சந்தை. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்று சிலர் வாதாடுவார்கள். அதிலும் வெளிநாட்டு வியாபாரத்துக்கு மார்ஜின் கட்டுவதற்கு அனுமதியில்லை. உங்கள் பணம் வங்கி வழியாக வெளிநாடு போகாமல், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தனிநபர் யு.பி.ஐ.க்குப் போனதன் காரணம் இதுதான். வங்கியில் காரணத்தைச் சொன்னால் அனுப்ப மாட்டார்கள். கம்பெனி வெளிநாட்டில் என்கிறார்கள், காசு போனது உள்ளூர் வாடகைக் கணக்குகளுக்கு.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 7-ஆம் தேதி 34 பெயர்களோடு ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டது. பிறகு பலமுறை பெயர்கள் சேர்ந்தன. உங்கள் தளத்தின் பெயர் அதில் இல்லை என்று மச்சான் சொல்லியிருக்கலாம். பட்டியலில் இல்லாததால் அனுமதி பெற்றது என்று பொருளாகாது என்று ரிசர்வ் வங்கி அங்கேயே எழுதியிருக்கிறது. லிங்க் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதில் இருக்கிறது: அனுமதியில்லாத தளங்களை விளம்பரப்படுத்துவோர், பயிற்சி ஆலோசனை என்ற பெயரில் ஆள் சேர்ப்போர் பெயர்களும் அதே பட்டியலில் வருகின்றன. அனுமதி பெற்ற தளங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. பார்க்க வேண்டியது அதைத்தான்.

9 பேர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லிங்க் வழியாகத் தாங்களே சேர்ந்து, தாங்களே கட்டிய 7 பேரிடம் நீங்கள் கமிஷன் வாங்கியதைச் சொல்லாமல் 'நல்ல லாபம் வருது' என்று மட்டும் சொல்லியிருந்தால், அது மறைத்துச் செய்த விளம்பரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதத்துக்கு இடமிருக்கிறது. உறவுக்குள் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு உடனே அது பாயும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் லிங்க்கும் லாபப் படமும் போட்டிருந்தால் நிலைமை வேறு.

பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிய அந்த இரண்டு பேர்தான் கவலைக்குரியவர்கள். அவர்கள் வங்கிக் கணக்கைப் பார்த்தால் பணம் போனது உங்களுக்கு. 'மாதம் 10 சதவீதம் கேரண்டி' என்ற பேச்சும் சேர்ந்தால், முதலீட்டாளர் நலனுக்கான தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், முறைப்படுத்தாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் பேச்சுக்கு வரும். திருப்பூர்க்காரர்களுக்குப் பாசி நிறுவன மோசடி வழக்கை நினைவூட்ட வேண்டியதில்லை. அதுவும் போரெக்ஸ் ட்ரேடிங் என்ற பெயரில்தான் ஆரம்பித்தது. பல நூறு கோடி போனது. 2022 ஆகஸ்டில் கோவை தனி நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. உங்கள் விவகாரம் அந்த அளவு அல்ல. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனி கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, பல்லடத்தில் எட்டுகிற ஆள் நீங்கள்தான்.

ஆகவே இன்றைக்கே சில காரியங்கள். முதலில் ஆதாரம். ஆப்பை நீக்காதீர்கள், குழுவை விட்டு வெளியேறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். வியாபாரம் ஓடும் மெட்டாட்ரேடர் 5 செயலியை (எம்.டி.5) கம்ப்யூட்டரில் திறந்து ஹிஸ்டரி பகுதியில் வலது கிளிக் செய்தால் ரிப்போர்ட் என்று வரும்; முழுக் காலத்துக்கும் எடுத்துச் சேமியுங்கள். மச்சானோடு நடந்த வாட்ஸ்ஆப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். மூன்று தவணைக்கும், அந்த இருவருக்காகக் கட்டியதற்கும், தேதி, தொகை, 12 இலக்க யு.பி.ஐ. எண், பெற்றவர் பெயர், அவருடைய யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். வங்கியில் ஸ்டேட்மென்ட் கேட்டு முத்திரையோடு வாங்குங்கள்.

அடுத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால், பெற்றவர் கணக்கிலேயே அதை நிறுத்த வாய்ப்புண்டு. மூன்று வாரம் ஆன பிறகு அந்த வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் புகார் அவசியம். நாளைக்கு அந்த 9 பேரில் ஒருவர் உங்கள்மேல் புகார் கொடுத்தால், அதற்கு முன்பே நீங்களும் பாதிக்கப்பட்டவராகப் போலீசிடம் போயிருக்கிறீர்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. புகாரில் கமிஷன் வாங்கியதை மறைக்காதீர்கள். அதற்கு முன் ஒரு வக்கீலோடு அரை மணி நேரம் உட்கார்ந்து வாசகத்தைச் சரிபார்ப்பது நல்லது. ரிசர்வ் வங்கியின் சச்சேத் தளத்திலும் இந்தத் தளத்தின் பெயரைப் பதியலாம். பணம் அதனால் திரும்பாது, ஆனால் தகவல் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.

வங்கி பிடித்து வைத்த 18,500 ரூபாய்க்கும் லிங்க்குக்கும் சம்பந்தம் இருக்கிறது. யு.எஸ்.டி.டி.யை முகம் தெரியாத ஆளிடம் விற்றீர்கள். அவர் உங்களுக்கு அனுப்பிய ரூபாய், வேறு ஊரில் வேறு யாரோ ஏமாந்த பணமாக இருக்கக்கூடும். அந்த ஊர்ப் போலீஸ் பணத்தின் வழியைப் பிடித்துக்கொண்டே வந்து உங்கள் கணக்கில் கை வைத்திருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் நான்கு விவரம் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எந்தத் தேதி வரவு. கிடைத்ததும் யு.எஸ்.டி.டி. விற்ற ஆர்டர் எண், உரையாடல், ஆதார், பான் நகல்களோடு அந்த விசாரணை அதிகாரிக்கு விளக்கம் அனுப்புங்கள். கணக்கு முழுவதையும் முடக்கவில்லை, அந்தத் தொகையை மட்டும் பிடித்திருக்கிறார்கள் என்பது உங்கள் நல்ல நேரம். முழுதும் முடங்கினால் ஆள் கூலியும் கரண்ட் பில்லும் நின்றுபோகும். எனவே இனி கரண்ட் அக்கவுண்ட்டில் இந்த மாதிரி வரவு எதையும் வாங்காதீர்கள். வந்த 62,000 ரூபாயையும் வருமான வரிக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். கிரிப்டோவாக வந்தது என்பதற்காக விலக்கு ஏதுமில்லை, விற்றதில் லாபமிருந்தால் அதற்குத் தனியாக 30 சதவீதம். ஃபெமா மீறலுக்குத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதத்துக்கு இடமுண்டு என்பதால், கட்டிய பணத்தைக் கணக்குப் புத்தகத்தில் 'நூல் வாங்கியது' என்பது போல எழுதி மறைத்து, ஒரு தப்பை இரண்டாக்கிவிடாதீர்கள்.

9 பேருக்கும் இன்றே ஒரே செய்தியை எழுத்தில் அனுப்புங்கள். குரலில் சொன்னால் ஆளுக்கொரு மாதிரிப் போய்ச் சேரும். இப்படி இருக்கலாம்: "நான் கொடுத்த லிங்க்குக்கு எனக்குக் கமிஷன் வந்தது. அந்தத் தளத்துக்கு இந்தியாவில் அனுமதியில்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். இனி யாரும் பணம் கட்ட வேண்டாம், வரி என்று கேட்டாலும் கட்ட வேண்டாம். எடுக்க முடிந்தவர்கள் உடனே எடுக்க முயலுங்கள். யு.பி.ஐ. விவரங்களோடு 1930-இல் புகார் பதியுங்கள். நானும் பதிந்திருக்கிறேன்." மச்சானுக்கும் இதே செய்தி போகட்டும். அவர் மனம் கோணுமே என்று தயங்கி நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும், அவருடைய லிங்க்கில் இன்னொருவர் சேரக்கூடும். அது நாளைக்கு அவர்மேலேயே விழும்.

யாராவது வீடு தேடி வந்து சத்தம் போட்டால், அந்த நேரத்தில் புரோநோட்டிலோ நிரப்பாத செக்கிலோ கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கும்போது, 'ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்துடப்பா' என்று சொல்வது வழக்கம்தான். எழுதிக் கொடுத்த நிமிடமே அது நீங்கள் நேரில் வாங்கிய கடனாகிவிடும். செக் திரும்பினால் தனி வழக்கு. அந்த இருவரின் பணத்தில் உங்களால் முடிந்ததைத் திருப்பித் தர நினைத்தால், நல்ல எண்ணம்; வக்கீலிடம் சொல்லிவிட்டு வங்கி வழியாக, குறிப்பு எழுதி அனுப்புங்கள், ரசீது வாங்குங்கள்.

என்.எஸ்.இ. கேள்விக்குச் சுருக்கமான பதில்: உங்களுக்குப் பொருந்தாது. அங்கே டாலர்–ரூபாய் ஒரு லாட் 1,000 டாலர்தான், முறையான சந்தைதான். ஆனால் 2024-இல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியபடி, வெளிநாட்டுப் பண வரவோ செலவோ உண்மையில் இருப்பவர்கள்தான் அந்த ஒப்பந்தங்களை எடுக்கலாம். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டத் தேவையில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு யாரும் எடுக்கலாம் என்று சில சேனல்களில் சொல்கிறார்கள். ஆவணம் கேட்க மாட்டார்கள் என்பதும், வரவு செலவே வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. திருப்பூரில் டாலர் ஆர்டர் வைத்திருக்கும் பனியன் ஏற்றுமதியாளருக்கு அது உதவும். அவர்களும் பெரும்பாலும் வங்கியிலேயே ஃபார்வர்டு ஒப்பந்தம் (பின்னால் வரும் டாலருக்கு இப்போதே விலை பேசி வைப்பது) போட்டுவிடுகிறார்கள். ரூபாயில் மீட்டர் கூலி வாங்கும் உங்களுக்கு டாலர் ஏறினாலும் இறங்கினாலும் காக்க வேண்டிய வரவு எதுவுமில்லை.

இன்னொன்று. புகார் பதிந்த சில நாளில் உங்களுக்கு ஒரு போன் வரலாம். சைபர் செல்லிலிருந்து பேசுவதாகவோ, 'ஃபண்ட் ரெக்கவரி' நிறுவனம் என்றோ சொல்வார்கள். உங்கள் பெயர், கட்டிய தொகை, ஆப்பின் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் விவரத்தை விற்றதே பழைய கூட்டம்தான். மீட்டுத் தர 5,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். போனை வைத்துவிட்டு, ஒப்புகை எண்ணோடு நேரில் காவல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.